வசதியான வீடு

டிவி இருக்காம் அக்கா! குஷன் நாற்காலி இருக்காம்! 'வசதியான வீடு, உதவி தேவையில்ல'ன்னு எழுதிட்டுப் போயிட்டான் இந்தக் கெபாஜிக்கான் ஆபீசரு, உதவிப் பணம் குடுக்கற ஆளு. கெபாஜிக்கான்னா நல்லது செய்யறதாம்லா... நல்லாத்தான் செய்யறாங்க!

யாரு வீடு? எங்க பக்கத்து வீட்டு நவமணி வீடுதான். எஸ்டேட்டு மொதலாளி தோட்டத்த வித்துட்டான், லயத்து வீட்டக் காலி பண்ணுன்னுட்டான், டவுன் பக்கம் புந்தோங்குக்கு வந்துச்சு. புருஷன் சின்னையா லாரியிலேருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்ல. வசதிதானே! ராஜா மாதிரி, கட்டில விட்டு எறங்கறதே இல்ல.

போன மாசம் யூனியன் கூட்டத்துல ஒருத்தரு மைக்கப் புடிச்சிக்கிட்டு, 'உதவி பிச்சையில்ல, மனுஷனோட உரிமை'ன்னாரு. கை வலிக்கத் தட்டுனோம். அந்த உரிமையக் குடுக்கத்தான் வந்து அரிசி டின்னத் தொறந்து பாத்தான்! துணிப் பெட்டியக் கெளறுனான்! சின்னையாவுக்கு நவமணி மூத்திரத் துணி மாத்தறப்பயும் நகரல, நின்னு பாத்து எழுதறான். அந்த மனுஷன் கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. உரிமை வர்றப்ப கண்ண மூடிக்கணும் போல!

அப்புறம்... ஆரஞ்சுத் தண்ணி குடுத்தாங்களாம். அதையும் எழுதியிருக்கான். குடிச்சது யாரு? அவன்தான், ரெண்டு கிளாசு!

என்னா அப்படிப் பாக்குறீங்க? டிவி எப்படி வந்துச்சுன்னா?

அது... எங்க வீட்டு டிவிலா. நாற்காலி மாரியம்மா வீட்டுது. கவர்மெண்டு ஆளு வர்றப்ப வெறுந்தரையிலயா ஒக்கார வெக்கறது? நாலு பேருக்கு மரியாதையா இருக்கணும்ல? நவமணி வேணாம்னுதான் சொல்லிச்சு. 'கெர்ட்ரூட் அக்கா, இருக்கறபடியே பாக்கட்டும்'னு கெஞ்சுச்சு. நான் கேக்கல. என் கையால தொடச்சு வெச்சேன். வெளக்கு வெளிச்சத்துல பளபளன்னு... அழகாத்தான் இருந்துச்சு.

உள்ள போயி, 'அது என்னுதுய்யா, எழுதுனத அடி'ன்னு சொல்லணும். அதுக்குத்தான் இந்த ஆபீசுக்கு வந்தேன். போன வாரமும் வந்தேன். இதே பெஞ்சுல ஒக்காந்துட்டுத் திரும்பிப் போயி, 'ஆபீசரு லீவு'ன்னேன் நவமணிகிட்ட. நம்பிடுச்சு. நேத்து மூத்த பொண்ண பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்திடுச்சு. பன்னெண்டு வயசு. கோப்பிக் கடையில மங்கு, தட்டு கழுவப் போகுதாம்.

தோ, கூப்பிடுறாங்க... என் பேருதான்.

அக்கா, நீங்க வேணும்னா முன்னால போங்களேன்.