ஆயருக்கு ஒரு பிரதி

— கனடாவிலை ஐஸ் ஹொக்கிச் சட்டப் புத்தகத்தை முன் அட்டையிலையிருந்து பின் அட்டை வரைக்கும் வாசிச்ச ஒரே ஆள் நான்தான், எட்வேட். வெள்ளைக்காரர் விளையாடியிருக்கினம், ஒத்துக்கொள்ளுறன். ஆனா வாசிக்கேல்லை.

— பத்தண்ணை, நான் உங்களைக் கேட்டது இந்தக் கடிதத்திலை இங்கிலீசு சரியோ எண்டு மட்டும்தான்.

— கடிதமில்லை ஐசே, பெட்டிசம். மல்லாகம் கோட்டிலை பதினாறு வருசம் கிளார்க்கா இருந்தவன் நான், மணத்திலையே தெரியும். முதல் வரியே பிழை. 'மாண்புமிகு ஐயா' எண்டு துடங்கியிருக்கிறீர். லீக்கை நடத்துறது ஒரு பொம்பிளை.

— அதை மாத்துவம். மிச்சம்?

— மிச்சமும் பிழை. 'போன சனிக்கிழமை எதிர் ரீமிலை விளையாடின பதினேழாம் இலக்கம் என் மகன் ஜூலியசைக் கொலை செய்யும் நோக்கத்தோடு தாக்கியது.' கொலையோ? பொடியன் அந்தா ஐஸிலை வட்டமடிக்கிறான்.

— மூண்டு நாள் கையைத் தூக்கேலாமல் கிடந்தவன், அண்ணை. பதின்மூண்டு வயசுப் பொடியனுக்கு நான் சேட்டுப் போட்டுவிட்டனான்.

— அனுதாபம் வேறை, சட்டம் வேறை. கேக்கிறதுக்குப் பதில் சொல்லும். ஜூலியசிட்டை பக், அந்தக் கறுப்பு றப்பர் வட்டு, இருந்ததோ இல்லையோ?

— இருந்தது.

— இடிச்சது முழங்கையாலையோ, தோளாலையோ?

— தோளாலைதான். ஆனா அண்ணை...

— முதுகிலையோ, பக்கவாட்டிலையோ?

— பக்கவாட்டிலை எண்டுதான் அவனே சொல்லுறான்.

— றெபறி விசில் ஊதினவரோ?

— இல்லை. சிரிச்சவர்.

— வழக்குத் தள்ளுபடி. இந்த வயசுப் பிரிவிலை பக் வைச்சிருக்கிறவனைத் தோளாலை இடிக்கலாம். அறுபத்தோராம் பக்கம், கீழ்ப் பகுதி. இடி பெலமோ மெதுவோ எண்டு சட்டம் பாக்கிறேல்லை. எங்கை பட்டது எண்டுதான் பாக்கும்.

— இதென்ன சட்டம், அண்ணை? நான் லோறன்ஸ் ரோட்டிலை ஒருத்தனைத் தோளாலை இடிச்சு மதிலோடை சாத்தினால் பொலிஸ் வரும். இஞ்சை இடிச்சால் சனம் எழும்பி நிண்டு கை தட்டுது.

— லோறன்ஸ் ரோட்டிலை அவனிட்டை பக் இல்லையே.

— மாதாவே.

— மாதாவைக் கூப்பிட்டுப் பலனில்லை. தொண்ணூத்தி ஆறாம் ஆண்டுப் பதிப்பு, லைப்ரறியிலை எடுத்தது. அந்தப் பக்கத்தைக் கொப்பி அடிச்சுப் பிள்ளையின்ரை பையுக்குள்ளை வைச்சிருக்கிறன். இடிக்கிறதெண்டால் சட்டப்படி இடி எண்டு சொல்லித்தான் அனுப்புறனான்.

— அதைத்தான் அண்ணை நானும் சொல்ல வாறன். பதினேழாம் இலக்கம் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?

— ஏன் தெரியாது? என்ரை மகன் ராகுலன்.

— ஓம்.

— உம்மடை துணிவை மெச்சுறன் ஐசே. என்ரை பிள்ளையை ரெண்டு ஆட்டத்துக்கு நிப்பாட்டச் சொல்லி எழுதின பெட்டிசத்தை என்னட்டையே திருத்தக் கொண்டந்திருக்கிறீர்.

— வேறை ஆரிட்டைக் குடுக்கிறது? டோர்செட் பார்க்கிலை எங்கடை பில்டிங் முழுக்க நீங்கள்தானே எழுதிக் குடுக்கிறது. என்ரை அகதி வழக்குக்கும் நீங்கள் எழுதினதுதான். வெண்டது.

— வெண்டது. அதிலை ஒரு கமாப் பிழை கூட இல்லை.

— அப்ப இதையும் பாத்துத் தாங்கோ. பன்னிரண்டு மணிக்கு லீக் ஒபிஸ் பூட்டுது. இண்டைக்கு இது குடுபடாட்டி ஜூலியசை இனி ஐஸிலை இறக்கமாட்டன் எண்டு செலீன் சொல்லிப்போட்டா. மனுசியோடை கதைக்கேலாது. அவன் அதைக் கேட்டிட்டு ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. இந்த நாட்டுக்கு வந்து அவன் வாய் நிறையச் சிரிச்சது இந்த ஐஸிலைதான், அண்ணை.

— பிள்ளை நொந்துபோடும் எண்டு பயமெண்டால் செஸ் விளையாடட்டும். அங்கை குதிரைதான் இடிக்கும். சரி, இதென்ன அடியிலை? 'பிரதிகள்: பிரதமர், ஒட்டாவா. மாகாண முதல்வர். ஆயர்.' ஆயருக்கு ஏன் ஐசே? அவர் கோல் காக்கிற கோலியோ?

— பெட்டிசம் எண்டால் பிரதி போடுறதுதானே.

— ஊரிலை போட்டது. றோட்டுக் குழாய் உடைஞ்சால் அரசாங்க அதிபருக்கு ஒண்டு, எம்.பி.க்கு ஒண்டு, உங்கடை ஆக்கள் ஆயருக்கும் ஒண்டு. குழாய் தன்ரை பாட்டிலை ஒழுகினது. அந்தப் பழக்கத்தை எயாப்போட்டிலை விட்டிட்டு வந்திருக்கோணும். நான் சைவக்காரன், எனக்கே தெரியும் ஹொக்கிக்குப் பொறுப்பு ஆயரில்லை எண்டு. ஒண்டு சொல்லுறன், எழுதி வைச்சுக்கொள்ளும். சட்டம் தெரியாதவன்தான் பெட்டிசம் எழுதுவான்.

— அப்ப திருத்தித் தரமாட்டியள்?

— மாட்டன்.

— இஞ்சேருங்கோ, உங்கள் ரெண்டு பேருக்கும்தான். பெத்த பிள்ளையள் இண்டைக்கும் எதிரும் புதிருமா அங்கை விளையாடுதுகள். ஏழு நிமிசமா நான் தனியக் குளிருக்குள்ளை இருந்து பாக்கிறன்.

— வாங்கோ தவமணியக்கா, இதிலை இருங்கோ. அண்ணையிட்டை ஒரு உதவி கேட்டன், வழக்கு நடத்துறார்.

— வீட்டிலையும் உதுதான். சோத்துக்கு உப்புக் காணாட்டி எந்தப் பிரிவிலை குற்றம் எண்டு கேப்பார். அந்தா, ராகுலனிட்டை பக் வந்திட்டுது.

— பாரும் எட்வேட், பாத்துப் படியும். தலை நிமிர்ந்து, கண் நேரை... டேய், குனியாதை. நிமிரடா தம்பி, நிமிர்...

— ஐயோ, என்ரை பிள்ளை.

— என்ன சத்தமது, தவமணி? முன்னாலை சனம் எழும்பி மறைக்குது.

— சுத்துப் பலகையோடை சாத்துப்பட்டுப் போனான். ஜூலியஸ் இடிச்சுப்போட்டான்.

— பயப்பிடாதேங்கோ அக்கா, எழும்பிட்டான். பாருங்கோ, கோச் கூட்டிக்கொண்டு போறார். தோளைத்தான் பிடிச்சுக்கொண்டு போறான்.

— எட்வேட், உம்மடை மகன் எங்காலை வந்தவன்?

— பக்கவாட்டாலை, அண்ணை.

— முழங்கை.

— தோள்.

— றெபறி?

— ஊதேல்லை. சிரிக்கிறார்.

— ராகுலனிட்டை அந்த நேரம் பக்...

— இருந்தது. அக்காதான் சொன்னவ.

— அறுபத்தோராம் பக்கத்திலை...

— கீழ்ப் பகுதி. ஜூலியசும் வாசிச்சிட்டான், அண்ணை. ராகுலன்தான் தன்ரை பையிலை இருந்த கொப்பியைக் குடுத்தவனாம். இதைப் படிச்சிட்டு வா, பயமில்லாமல் விளையாடலாம் எண்டு.

— நான் கீழை போய்ப் பிள்ளையின்ரை தோளைப் பாக்கிறன். நீங்கள் இருந்து பக்கத்தைப் பாருங்கோ.

— நானும் வாறன் அக்கா, போங்கோ. அண்ணை, அங்கை பாருங்கோ, என்ரை பெடி சிரிக்கிறான். செலீனைக் கூட்டிவந்து உதைக் காட்டினால் காணும். எனக்கு இனி இந்தப் பெட்டிசம் தேவையில்லை. தாங்கோ, கிழிப்பம்.

— கிழிக்காதையும்.

— ஏன்?

— நல்ல பேப்பர். உம்மடை பேனையைத் தாரும்.

— என்னண்ணை செய்யிறியள்?

— மணி என்ன?

— பதினொண்டே முக்கால்.

— காணும். ஜூலியசின்ரை இலக்கம் ஒம்பதுதானே?

— ஒம்பது. அண்ணை, பதினேழை வெட்டிறியள், பேரை வெட்டிறியள், 'கொலை செய்யும் நோக்கம்' எண்டதை வெட்டேல்லை.

— அது வசனம் நல்லாயிருக்கு.

— சரி, அடியிலை இருக்கிற பிரதிகளையாவது வெட்டுங்கோ.

— ஆயரின்ரை விலாசம் வடிவா விளங்கேல்லை. ஆறுதலாச் சொல்லும், எழுதுறன்.