வெள்ளைப் புள்ளி இலை

— நாக்கு இன்னும் வீங்கித்தான் இருக்கு, சொர்ணலதா மேடம். ஆனா மூச்சுக்கு ஒண்ணும் பயமில்ல. உங்க ஹஸ்பெண்ட் என்ன சாப்பிட்டார்னு கரெக்டா சொல்லுங்க.

— இன்சுலின் செடின்னு நெனச்சுப் பக்கத்துத் தொட்டி இலையக் கடிச்சுட்டாருங்க, டாக்டரம்மா. பெருசா, வெள்ளப் புள்ளி போட்டு, அழகுக்கு வெப்பாங்களே, அது. இந்தாங்க, ஒண்ணு பிச்சுட்டு வந்தேன்.

— கடவுளே! டிஃபன்பேக்கியா. இங்க மைசூர்ல பாதி வீட்டு ஹால்ல இதுதான் நிக்குது. கடிச்சா ஊசி ஊசியா குத்தும். எப்போ?

— காலைல எட்டு மணிங்க. போன்ல லைவ் பேசிட்டிருந்தாரு. “மாத்திரைங்கறது வெசம், சக்கரைக்கு இந்த இலை போதும்”னு சொல்லி, கேமராவப் பாத்துட்டே பிச்சு வாயில போட்டாரு. அதோட பேச்சு நின்னு போச்சு. கண்ணுல தண்ணியா கொட்டுது. பாத்துட்டிருந்த சனம் பூராம் கைதட்டற பொம்மையா அனுப்புதுங்க, இலை வேல செய்யுதுன்னு.

— ஸாரி, சிரிக்கக் கூடாது. சாருக்கு சுகரா? வீக்கத்துக்குப் போட்ட ஊசியில சுகர் ஏறும், அதான் கேக்கறேன்.

— இருந்துச்சுங்க. மூணு வருசமா மாத்திரையே தொடறதில்ல. தெனம் ரெண்டு இலை, அவ்வளவுதான். போன வாரங்கூட டெஸ்ட்டு நார்மல். அந்தச் சீட்டத்தான் குரூப்புல போட்டு ஊரையே மாத்திட்டாரு.

— மூணு வருஷமா தினம் மெல்றவருக்கு அந்த இலை தெரியாதா? ரெண்டும் கொஞ்சம்கூட ஒண்ணுபோல இருக்காதே.

— அதாங்க எனக்கும் புரியல. இன்சுலின் இலை அடியில ஊதாவா இருக்கும், கடிச்சா புளிக்கும். கண்ண மூடிட்டுக் குடுத்தாலும் நாஞ்சொல்லுவேன்.

— ம்ம்… ம்ம்ம்!

— வேலாயுதம் சார், பேசக் கூடாது, படுங்க. மேடம், இது சார் சட்டைப் பாக்கெட்ல இருந்துச்சுன்னு நர்ஸ் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியுமா?

— என்னங்க, மாத்திரை அட்டையா?

— சுகர் மாத்திரை. பத்துல ஏழு தீந்திருக்கு.

— ம்ம்! ம்ம்ம்!

— நீங்க செத்த சும்மா இருங்க… டாக்டரம்மா, எனக்கும் சக்கரைதாங்க. எம் மாத்திரைய போன வருசம் இவருதான் குப்பையில கொட்டுனாரு. இந்தக் கால் புண்ணு நாலு மாசமா ஆற மாட்டேங்குது, பாக்கறீங்களா?