முதல் பந்தி ஓட்டுநருக்கு

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் முதலாளி மோகன்குமார் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெங்களூர் நிறுவனத்துப் பெரியவர்களே, ஓசூர் உணவக உரிமையாளர்களின் சார்பில் மாலையோடு வந்திருக்கும் பரமசிவம் அவர்களே, அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் சமையற்கூடத்துச் சொந்தங்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கை செல்வம்மாளே, உங்கள் எல்லோருக்கும் சலவைப் பிரிவுக் கங்கப்பனின் வணக்கம்.

என்னை இங்கே எல்லோரும் மாமா என்பீர்கள். ஒருவர் மட்டும் மச்சான் என்பார். அவர்தான் அதோ மாலைக்குள் படமாக இருக்கிறார். இந்த வைரமாளிகை விடுதியின் விருந்து மேலாளர், வரவேற்புத் திலகம், என் தங்கையின் கணவர் சென்னப்பன். மச்சானைக் கேலி செய்யும் உரிமை எனக்கு உண்டு. ஆள் போனதும் அந்த உரிமை ரத்தாகும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அடுத்து முதலாளி பேசுவார். அதை நினைத்தால் இந்த மைக்கை விட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் சென்னப்பன் யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா?

இந்த வைரமாளிகை கட்டி முடித்தபோது ஊர் என்ன சொன்னது? வாசல் மண்டபத்தில் மேகம் வந்து நின்று இளைப்பாறும் என்றது. கூடத்துச் சரவிளக்கை முதன்முதலில் ஏற்றிய அன்று கெலவரப்பள்ளி அணையில் மீன்கள் பொழுது விடிந்ததென்று துள்ளின. நுழைவாயிலில் கல்யாணமாகாதவனாக நடக்கத் தொடங்கியவன் வரவேற்பு மேசைக்கு வந்து சேரும்போது பேரன் எடுத்திருப்பான், அவ்வளவு நீளம். இதெல்லாம் பொய் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். அந்தக் கூடத்துத் தரைவிரிப்பைத் துவைப்பவன் நான்.

ஆனால் பளிங்கு வரவேற்குமா? சரவிளக்கு சாப்பிட்டீர்களா என்று கேட்குமா? சென்னப்பன் கேட்டார். கன்னடத்தில் வரவேற்று, தெலுங்கில் நலம் விசாரித்து, தமிழில் இலை போடுவார். ஆலைக்கு வந்த ஜப்பானியர்கள் வணங்கக் குனிந்தபோது இவரும் குனிந்தார். அவர்கள் நிமிர்ந்தார்கள். இவர் நிமிரவில்லை. மரியாதை என்று அவர்கள் மறுபடி குனிந்தார்கள். இடுப்பு பிடித்துக்கொண்ட விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் தைலம் தேய்த்தேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சிரிக்காமல் வேலைக்கு வந்தார். நாற்கரச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். நம் விருந்துக்கு வந்துவிட்டுத் திரும்பிய ஒரு கார் சூளகிரிக்குப் பக்கத்தில் புளியமரத்தில் மோதியது. பின்னால் இருந்தவர்கள் சிராய்ப்போடு பிழைத்தார்கள். ஓட்டியவருக்குக் கால் போயிற்று. மருத்துவமனையில் சென்னப்பன் அவரைப் பார்த்தார். "தூக்கமாப்பா?" என்று கேட்டார். "தூக்கமில்லைங்க சார். கண்ணு இருட்டிக்கிச்சு. காலையில குடிச்ச டீதான்" என்றார் அவர்.

அந்த மனிதர் நாள் முழுக்க எங்கே நின்றிருந்தார்? நம் வாசலில். உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது? விருந்து. மிஞ்சிய பிரியாணி எங்கே போயிற்று? அதை நான் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் சென்னப்பன் பின்கட்டில் சாமான் போட்டு வைத்திருந்த கூடத்தைக் காலி செய்து வெள்ளையடித்தார். மேசை போட்டார். ஒரு சட்டம் போட்டார். வைரமாளிகையில் எந்த விருந்தானாலும் முதல் பந்தி ஓட்டுநருக்கு. விருந்தாளி தின்கிற அதே சோறு, அதே இனிப்பு. அவர்கள் கை கழுவிய பிறகுதான் முன்கூடத்தில் இலை.

சும்மா விட்டார்களா? கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கோவிந்தப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்.

"என்னாய்யா, டிரைவருக்கு மொதப் பந்தி, மாப்பிள்ளை வூட்டுக்கு ரெண்டாம் பந்தியா? ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

சென்னப்பன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளை வூட்டைக் கூட்டியாந்தது யாருங்க? திருப்பிக் கூட்டிப் போறது யாருங்க? பசிச்ச கையில ஸ்டியரிங்கைக் குடுத்துட்டு நீங்க பின்னால கொறட்டை வுடுவீங்களா?"

"அதுக்காக என்னை நிக்க வெப்பியா?"

"நிக்காதீங்க. நீங்களும் வந்து அவங்ககூட உக்காருங்க. மொதப் பந்தியாவும் ஆச்சு."

கோவிந்தப்பன் முறைத்தார். பிறகு பசி மீசையை வென்றது. தன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று உலகமும் அதிர அவர் விட்ட ஏப்பத்தை இந்தச் சபையில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷம் ஒன்றுகூட வேறு மண்டபத்துக்குப் போனதில்லை. ஓட்டுநர்களே வண்டியை வேறு பக்கம் திருப்புவதில்லையே.

அந்தக் கூடத்தில்தான் போன வாரம் சாம்பாரில் உப்புப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, எறக்குங்க" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். எழவில்லை.

இப்போது மைக்கை விடாத காரணத்துக்கு வருகிறேன். நாளை முதல் இந்த மாளிகையைப் பெங்களூர் நிறுவனம் நடத்தப் போகிறது. நல்லது. அவர்கள் ஆட்கள் முந்தாநாள் வந்து பின்கூடத்தை அளந்தார்கள். அங்கே நீராவிக் குளியல் அறை வருகிறதாம். ஓட்டுநர்கள் சோறு தின்ற இடத்தில் பணக்காரர்கள் வியர்வை சிந்தப் போகிறார்கள். முதலாளி அதை இந்த மேடையில் அறிவிப்பார் என்று பேச்சு. நான் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று இப்போது புரிகிறதா? என்னால் முடிந்தால் பாரூர் ஏரி நிரம்பி வழியும்வரை பேசுவேன். தொண்டை ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்று. இங்கே வரும்போது முன்கூடத்தைப் பார்த்தேன். இலை போட்டாயிற்று. மேடைப் பெருமக்களுக்கு முதல் பந்தி. பின்கூடம் பூட்டிக் கிடக்கிறது. வரவேற்பில் இருக்கும் சுப்ரியாவைக் கேட்டேன். "சாவியை முதலாளி சார் வாங்கிக்கிட்டாரு மாமா. என்னைக் கேக்காதீங்க, எனக்கு அழுகை வருது" என்றாள். வெளியே வெயிலில் கார்கள் நிற்கின்றன. அவற்றுக்குள் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சென்னப்பனின் அஞ்சலிக் கூட்டத்திலேயே அவர் சட்டம் முறிந்தால், அந்தப் படத்துக்கு நாம் போட்ட மாலைக்கு என்ன பெயர்?

முதலாளி அவர்களே, நீங்கள் கெட்டவர் இல்லை. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கொடுத்ததே நீங்கள்தான். நீங்கள் பேச எழுவதற்கு முன் நான் உறுதிமொழி சொல்லிவிடுகிறேன். சலவைப் பிரிவும் சமையற்கூடமும் சேர்ந்து சொல்கிறோம். நாளைக்கு அந்தக் கூடம் பூட்டியிருந்தால் வாசல் மண்டபத்தில், மேகம் இளைப்பாறும் அதே இடத்தில், இலை போடுவோம். விரிப்பு நான் தருகிறேன். வெள்ளை விரிப்பு. வேலை போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல ஆசைதான். ஆனால் கால் நடுங்குகிறது, அதை மேசை மறைத்துக்கொண்டிருக்கிறது. நடுங்கிக்கொண்டே இலை போடுவோம்.

செல்வம்மா, நீ அழாதே. உன்னைத்தான் கேட்க வேண்டும். அவர் பேரில் போடும் சோறு. யாருக்கு முதலில்?

கேட்டீர்களா? மைக் இல்லாமலே என் தங்கை சொன்னாள்: "அவரு யாருக்குப் போட்டாரோ அவங்களுக்கு."

முதலாளி அவர்களே, இரங்கல் தீர்மானம் வேண்டாம், மௌன அஞ்சலியும் பிறகு ஆகட்டும். அந்தச் சாவி.

முதலாளி சட்டைப் பையில் கை விடுகிறார். அந்தப் பையில் கைபேசியும் இருக்கிறது, எனக்குத் தெரியும். வெளியே வருவது எது என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. பரமசிவம் அவர்களே, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

சாவியா? நிஜமாகவா?

இது இன்றைக்கு ஒரு பந்திக்குத்தான் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு மறுபடி நடுங்கிக்கொள்கிறேன். சுப்ரியா, ஓடிப்போய்க் கதவைத் திற. சமையற்கூடத்தாரே, பாத்திரங்களைப் பின்கட்டுக்குத் திருப்புங்கள். மேடையில் இருப்பவர்கள் தயவுசெய்து உட்கார்ந்தே இருங்கள், நமக்கு இரண்டாம் பந்தி.

வாசலில் முதலாளியின் காருக்குப் பக்கத்தில் நிற்கிற ஓட்டுநர் முனிவேலு, என் குரல் கேட்கிறதா? வண்டியைப் பூட்டிட்டு வந்து கையைக் கழுவுப்பா.