சீசர் உட்கார்ந்த வளைவு

மாலை ஐந்தரை. பண்டாரவளைக்கு மேலே, தேயிலைக்குள் ஏறும் மண்பாதை. கொழுந்து பறிப்பவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு மனிதன், ஒரு நாய்... வேறு யாருமில்லை.

அந்த மனிதன் றொபேட். நம் பீற்றரின் மச்சான், கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரர். சண்டைக் காலம், தொண்ணூற்றேழு என்று நினைக்கிறேன். கிட்ட வாருங்கள், இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது.

மனைவி, சின்ன மகளோடு இருந்த ஒற்றை அறை வாடகை வீட்டில் அல்சேஷன் கலப்பு நாய் வளர்த்தார். பெயர் சீசர். நடக்க இடமில்லாமல் அது கதவைச் சுரண்டும், ஊளையிடும். மேல்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதனால் லீவு கிடைத்தால் மரக்கறி லொறியில் நாயை ஏற்றிக்கொண்டு பண்டாரவளைத் தங்கை வீட்டுக்குப் போவார். மலை ஏறினால் நாய் அடங்கும் என்று ஒரு நம்பிக்கை.

எங்கே? பாதி வழியில் ஒரு வளைவு. ஒவ்வொரு முறையும் சீசர் அங்கே உட்கார்ந்துவிடும். இழுத்தாலும் வராது, பிஸ்கட் காட்டினாலும் வராது. மலையுச்சியை அவர் ஒரு நாளும் கண்டதில்லை.

அன்று பொறுமை போய்விட்டது.

"எழும்படா சனியன்! உனக்காகத்தானே இவ்வளவு தூரம் வாறன்!"

சங்கிலியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். சீசர் அவரைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில், வெறும் காற்றுக்கு... முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது. கால் அப்படியே நின்றது. யாரோ பிடித்திருப்பது போல.

நனைந்த கம்பளி வாடை. காதருகே மெல்லிய இருமல்.

சங்கிலியை விட்டுவிட்டு ஓடினார். தோட்டத்து ரோட்டுக்கு வந்துதான் திரும்பிப் பார்த்தார். பின்னால் சீசர் வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, நிதானமாக நடந்து வந்தது. சங்கிலி தரையில் படவில்லை.

அன்றே நாயோடு லொறி ஏறினார். விடியும்போது கொழும்பு. வீட்டுக்குப் போகும் வழியில் ஆமிக்காரன் மறித்தான்.

"அனித் எக்கெனா கோ?" மற்ற ஆள் எங்கே என்று கேட்டான்.

"எந்த ஆள்?"

"நாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனானே!"

அப்போதுதான் பார்த்தார். சீசர் பக்கத்தில் இல்லை.

பொலிஸில் கொண்டுபோய் இருத்தினார்கள். அவன் யார், எந்த ஊர், ஏன் தப்பி ஓடினான்? பகல் முழுக்க அதே கேள்வி. "ஒருத்தரும் வரேல்லை சேர்" என்று அழாத குறையாகச் சொன்னார். மேசையில் அடித்தார்கள். இல்லாத ஆளுக்கு என்ன பெயர் சொல்வது?

பொழுது சாயத்தான் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் பிணை நின்று வெளியே எடுத்தார். பொலிஸ் வாசலில் மனைவி பிறிஜெற், தனியாக. அவளும் எரிச்சலோடுதான் நின்றாள்.

"வீட்டுக்கு ஆள் வருதெண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! காலமை சீசரோட வந்து, ஒரே இருமல், ஈரப் போர்வையோட படுத்திட்டார். நீங்கள் பொலிஸில எண்டு கேள்விப்பட்டு நான் பதறினதைக் கண்டு அவர்தான் எழும்பினவர். நல்ல மனுசன்..."

றொபேட் மகளைத் தேடி அவள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நீங்க போங்கோ, மகளை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டார். நான் வெளிக்கிடேக்க அவள் அவரின்ட மடியில நல்ல நித்திரை."