கோவேறு கழுதை உதைத்த தழும்பு

— உனக்கு இன்னா ஆச்சு தாத்தா? ஸ்கேன் எடுக்கிறவர் உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்கான்னு கேட்டா, குண்டு இருக்குன்றே. மொதல்ல எக்ஸ்ரே எடுக்கணும்னு உக்கார வெச்சுட்டாங்க பாரு.

— கேட்டாரு. சொன்னேன்.

— அந்த மெஷினுக்குள்ள படுக்க பயம்னா பயம்னு சொல்லேன். ஆம்பூர்ல பாதி நாள் லீவு போட்டுட்டு உன்னை வேலூருக்குக் கூட்டினு வந்திருக்கேன். தாத்தாவுக்கு முதுகு வலின்னுதான் ஷூ கம்பெனியில சொல்லியிருக்கேன். இப்ப போன் பண்ணி போர்க்காயம்னு மாத்திச் சொல்லட்டா?

— பட்டாளத்தான் பேத்தி நீ. பொய் சொல்லாத ஹேமா.

— அதுக்குத்தான் வீட்ல நீ இருக்கியே. முதுகுத் தழும்பு இன்னான்னு கேட்டா, பட்டாளத்துக் கோவேறு கழுதை உதைச்சதுன்னு நீதானே சொல்வே? கல்யாண வீடு, காதுகுத்து, ஒண்ணு வுடலியே.

— லைலான்னு பேரு. நல்ல கழுதை.

— பொங்கலுக்குச் சொன்னப்ப அது கொள்ளு கேட்டு உதைச்சுது. தீபாவளிக்கு மேஜர் சாப்புக்கு வுழ வேண்டிய உதையை நீ குறுக்கால வுழுந்து வாங்கிக்கினே. எழுபத்தொண்ணு சண்டையில எதிரி கிட்ட கம்மி, கழுதை கிட்டதான் உனக்கு ஜாஸ்தி அடி.

— கழுதைன்னா லேசா நெனைக்காத. லாரி போவாத சேத்துல அரிசி மூட்டை, தோட்டாப் பெட்டி எல்லாம் அதுதான் சொமக்கும். சம்பளம் மட்டும் எங்களுக்கு.

— மெடலை அதுக்கே குடுத்திருக்கலாம். சரி, உள்ள கூப்புடுறாங்க. போய் எடுத்துனு வா. லைலாவோட லாடம் ஏதாச்சும் தெரியுதான்னு பார்ப்போம்.

— டீக் ஹை, சரி போறேன்.

— இன்னா சார், எக்ஸ்ரே எடுத்தாச்சா? தாத்தா சட்டை மாட்டினு வர்றாரா?

— வர்றாருமா. ஐயா பட்டாளத்துல இருந்தாரா?

— இருந்தாரு. வீட்ல இன்னும் இருந்துனுதான் இருக்காரு.

— முதுகெலும்பு பக்கத்துல துப்பாக்கிக் குண்டு ஒண்ணு இருக்குமா. அந்த ஸ்கேன் மெஷின்ல காந்தம் இருக்கு, படுக்க வெக்கிறது ஆபத்து. டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன், உக்காருங்க.

— இன்னா ஹேமா, எக்ஸ்ரேக்காரரு சொல்லிட்டாரா?

— என்னை வுட்டிருந்தா உன்னை அந்த மெஷினுக்குள்ள தள்ளியே இருப்பேன் தாத்தா.

— தள்ளலியே. வுடு.

— எதுக்கு மறைச்சே? பட்டாளத்துல பருப்பு அடிபுடிச்சதைக் கூட அரை மணி நேரம் சொல்ற ஆளு நீ. குண்டு பட்டதைவிட கழுதை உதைச்சதா பெருமை?

— கழுதைன்னா சிரிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. குண்டுன்னா எப்படிப் பட்டுச்சுன்னு கேப்பாங்க.

— நானும் அதைத்தான் கேக்கப் போறேன். முதுகுல பட்டிருக்கு. ஓடுனியா?

— ஓடுனேன்.

— இதுக்கா இத்தினி வருசம் ஒரு கழுதை மேல பழி போட்டே? உசுருக்கு ஓடறதுல வெக்கம் இன்னா இருக்கு?

— தனியா ஓடலம்மா. நம்ம நெமிலிக்காரன் ஒருத்தன், இருதயராஜ்னு. என் கூடவே இருந்தவன். கால்ல அடிபட்டு எழுந்துக்க முடியல. என் முதுகுல தூக்கினு ஓடுனேன்.

— பார்ரா. ஒரு ஆளைத் தூக்கினு வந்ததை மறைச்சுட்டு, புகழை எல்லாம் கழுதைக்குக் குடுத்திருக்கே. உனக்கு அடக்கம்னு ஒண்ணு இருக்கிறதை ஊர்ல சொன்னா எவனும் நம்ப மாட்டான். ஆமா, அவரு எங்க இருக்காரு இப்ப?

— அவன் என் முதுகு மேல இருந்தாம்மா. குண்டு அவனைத் தொளைச்சுட்டுத்தான் எனக்கு வந்துச்சு.