குதிகால் சோதனை

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், வரும்போதே குடித்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். அம்மா பாகலூரில் தனியாக இருக்கிறாள்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்தது நான் ஒருத்திதான். சிவில் படித்தேன். ஓசூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த அந்த ஃபேக்டரிக் கட்டடத்தில் கான்கிரீட்டின் தரம் பார்ப்பது என் வேலை. கலவையில் எந்தக் கெமிக்கல் எவ்வளவு சேர வேண்டும் என்பது என் பொறுப்பு.

வண்டியிலேயே கான்கிரீட் இறுகிவிடாமல் இருக்க ஒரு கெமிக்கல் ஊற்றுவோம். கோடைக்கு அது வேண்டும். மார்கழிக் குளிரில் குறைக்க வேண்டும். இல்லையென்றால் மேல்பரப்பு காற்றில் காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே பச்சையாகக் கிடக்கும்.

இதை மேனேஜர் ராஜப்பனிடம் சொன்னேன். தளத்தை அடியில் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கும் முன், அதே கலவையில் வார்த்த மாதிரிக் கட்டியை உடைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். அவருக்கு அதெல்லாம் எதற்கு? தளத்தின் மேல் ஏறி ஷூ குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். சத்தம் பிடித்துப்போனால் பிரிக்கச் சொல்லிவிடுவார். எல்லாத் தளமும் அவர் காலில்தான் பாஸானது.

"ஏம்மா பாகலூரு, உங்கப்பன் தக்காளிக்கு மருந்தடிக்கிறதுன்னு நெனச்சியா இத?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா இறந்து அப்போது மாதம்கூட ஆகவில்லை.

அடுத்த தளத்துக்குக் கெமிக்கலைக் குறைக்கவில்லை. இரண்டு மடங்காக்கினேன்.

என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் மிதிப்பார், பிரிக்கச் சொல்வார். தளம் நடுவில் தொய்யும். முட்டு பிரிக்கும் அன்றுதான் பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணெதிரே தொய்ய வேண்டும். தொய்வதோடு நிற்கும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் மிதித்தார். "கல்லு" என்றார்.

முட்டு பிரிக்கிறவர் திம்மப்பன். பலகை வாங்கி அடுக்குகிறவள் அவர் மனைவி வெங்கடம்மாள். பாதித் தெலுங்கில் பேசுவார்கள். அந்த சைட்டில் என்னை மரியாதையாகக் கூப்பிட்டது அவர்கள் இரண்டு பேர்தான். உள்ளே போகும் முன் திம்மப்பன் நின்று என்னைப் பார்த்தார்.

"இஞ்சினியரம்மா, பிரிக்கலாங்களா?"

"மேனேஜரக் கேளுங்க."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. சைட்டில் முறை அதுதான். ராஜப்பன் தலையாட்டினார். இரண்டு பேரும் தளத்துக்கு அடியில் போனார்கள்.

நான் எதிர்ப்பக்கம் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், தொய்வது தெளிவாகப் பதிய வேண்டும் என்று. பதிந்திருக்கிறது, நீங்களே பாருங்கள். கை ஆடவில்லை. வெங்கடம்மாள் பலகைக்காகக் கையை நீட்டுவதுவரை தெரியும். அதற்கப்புறம் தூசிதான்.

அவர்கள் பிள்ளைகளை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ராஜப்பன் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்திருந்தால் அவர்கள் இன்று வேலைக்கு வந்திருப்பார்கள். இதை அவரிடமும் நீங்கள் கேட்க வேண்டும்.

ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. கம்பெனி உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அனுபவமில்லாத பொண்ணு, அளவு தெரியாமல் ஊற்றிவிட்டாள் என்று.

அளவு எனக்குத் தெரியும் சார். தெரிந்துதான் ஊற்றினேன். அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.