மணி அடிக்காத கிடங்கு

முழங்கால் வலி வந்தவனுக்குத்தான் ஒரு கட்டடம் எவ்வளவு நீளம் என்பது தெரியும். மற்றவர்கள் நடந்து போய்விடுவார்கள். எங்கள் கிடங்கின் வாசல் தெருப்பக்கம், என் அறை பின்கோடியில். காரைப் பின்னால் நிறுத்திவிட்டு வெயிலில் கட்டடத்தையே பிரதட்சணம் செய்தால்தான் என் நாற்காலிக்குப் போய்ச் சேர முடியும். கார் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு பின்கதவு இருந்தது. அவசரத்துக்கு மட்டும் திறக்க வேண்டிய கதவு. திறந்தால் அலாரம் அலறும். என் முழங்காலைவிட வேறு என்ன அவசரம் வந்துவிடப்போகிறது என்று யோசித்தேன்.

அந்த அலாரம் பச்சைப் பிள்ளை மாதிரி, எதையும் நம்பிவிடும். கதவு நிலையில் ஒரு சின்னப் பெட்டி, கதவில் ஒரு காந்தம். காந்தம் விலகினால் கதவு திறந்துவிட்டது என்று பெட்டி கத்தும். பெட்டியின் பக்கத்தில் இன்னொரு காந்தத்தை ஒட்டிவிட்டால் கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஒட்டினேன். அன்றிலிருந்து பத்தடி நடந்தால் என் அறை.

அந்தக் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி நான்தான். அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

உறைய வைத்த மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்கு எங்களுடையது. முதலாளிக்கு இதுபோல ஊர் ஊராக உண்டு. எந்தக் கிடங்கில் வருடம் முழுவதும் அலாரம் குறைவாக அடிக்கிறதோ அதற்கு ஒரு கேடயம் தருவார். மூன்று வருடமாக அந்தக் கேடயம் என் மேஜையில்தான் இருந்தது. தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. உத்தரத்தில் புறா பறந்தாலும் அலறும். அதன் கண்ணில் ஒரு துண்டு நாடா ஒட்டினேன். என் அறைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியின் வாயில் பழைய பனியனை அடைத்தேன். மணி அடிக்கவில்லை என்றால் ஆபத்து இல்லை. ஆபத்து இல்லை என்றால் அதிகாரி நன்றாக வேலை பார்க்கிறார். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். படித்தவர்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி, தன் தம்பிக்கு ஒரு வேலை பார்த்துத் தரச் சொன்னாள். அம்மா இல்லாத பிள்ளை, அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அலாரம் பழுது பார்ப்பதைப் படித்திருந்தான். எங்கள் கிடங்கிலும் அந்த இடம் காலியாக இருந்தது. முதலாளியிடம் நானே சொல்லிச் சேர்த்துவிட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவனுக்குச் சோறு போட்டது நான்.

மச்சினன் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பான். யார் வீட்டுக்குப் போனாலும் சுவிட்சை ஒரு தடவை தட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டான். நல்ல பையன். நல்லவர்களோடு வேலை பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் காந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கருவியில் யாராவது கைவைத்திருந்தால் உடனே பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஓடி வந்து என்னிடமே தெரிவித்தான்.

"மாமா, இது தானா வந்து ஒட்டிக்கல. வேணும்னே யாரோ வச்சிருக்காங்க. இந்தக் கதவு வழியா யார் வேணும்னாலும் உள்ள வரலாம், போகலாம்."

தோளில் தட்டிக்கொடுத்தேன். முதலாளியிடம் அழைத்துப்போய் அவர் முன்னாலும் பாராட்டினேன். குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை முதலாளி என்னிடமே ஒப்படைத்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஏளனமாகச் சொல்கிறோம். வேலியை அங்கே நட்டு வைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

விசாரணையில் நான் குறை வைக்கவில்லை. லாரி ஓட்டுநர்கள், கூட்டுகிற அம்மாள், சுமை தூக்குகிறவர்கள் எல்லோரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். விசாரணை என்று ஒன்று நடந்தால் முடிவு என்று ஒன்று வேண்டும். சுமை தூக்குகிறவர்களில் ஒருவன் பெயர் போலவே இருப்பான், மலை என்று கூப்பிடுவார்கள். கேள்விக்கெல்லாம் திக்கித் திக்கிப் பதில் சொன்னான். அவனை வேலையிலிருந்து நீக்கினோம். பிறகுதான் தெரிந்தது, அவன் சாதாரணமாகவே திக்குவாயாம்.

மச்சினனுக்கு மனம் ஒப்பவில்லை. மலை போன பிறகும் ஒரு நாள் பின்கதவில் காந்தம் இருந்தது. ஏனென்றால் என் முழங்கால் வலி போகவில்லை. "அந்த அண்ணன் இல்ல மாமா, வேற யாரோ" என்று சொன்னவன், ஒவ்வொரு கருவியின் மூடிக்குள்ளும் ஒரு சின்ன விசையைப் பொருத்தினான். மூடியைத் திறந்தாலே காவலாளி அறையில் இருக்கும் பலகையில் விளக்கு எரிந்து மணி அடிக்கும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள்தான் கூட்டம் போட்டுப் பேசும் என்பார்கள். இவன் கூட்டம் எதுவும் போடவில்லை.

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. அவனுக்கு ஒரு பாடம் வேண்டும் என்று மட்டும் பட்டது. ஆளில்லாத சமயம் பார்த்து நானே ஒரு மூடியைத் திறந்து மூடினேன். மணி அடித்தது. வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே போய் வெயிலில் நின்றார்கள். மச்சினன் ஓடி ஓடித் தேடினான், ஒன்றும் இல்லை. அடுத்த நாள் இன்னொரு மூடி. அதற்கடுத்து இன்னொன்று. சில வாரங்களில் அவன் தலையைக் கண்டாலே "புலி வருது, புலி வருது" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். புலி என்பது அவனுக்குப் பெயராகவே ஆகிவிட்டது. மனிதர்களைத் திருத்துவது கஷ்டம் என்கிறார்கள். கெடுப்பது எவ்வளவு சுலபம் என்பதை அந்த வாரங்களில்தான் பார்த்தேன். நான் ஒரு வார்த்தைகூட அவனைக் குறை சொல்லவில்லை.

தன் தம்பியை எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்று வீட்டில் என் மனைவி அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொன்னேன். சின்ன வயது, போகப் போகச் சரியாகிவிடுவான் என்றேன். மறுநாள் முதலாளியிடம் ஒரு யோசனை சொன்னேன். இனி எந்த மணி அடித்தாலும் காவலாளி தானாக எதுவும் செய்யக்கூடாது, முதலில் என்னைக் கேட்க வேண்டும். வேலை கெடாது. முதலாளிக்குப் பரம திருப்தி. எல்லாக் கிடங்குகளுக்கும் என்னையே தலைமைப் பாதுகாப்பு அதிகாரியாக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த வாரம் கூட்டத்தில் அறிவிப்பதாக இருந்தது.

மச்சினன் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தான். கருவி மூடிகளின் உட்பக்கத்தில் நீல மையைத் தடவி வைத்திருந்தான். காயாத மை. எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி வழக்கம்போல அவனுக்கு முதலில் பரிமாறிவிட்டு என் பக்கம் வந்தாள். "என்னங்க இது, நகமெல்லாம் நீலமா இருக்கு?" என்றாள். பேனா கசிந்துவிட்டது என்றேன். அவள் நம்பினாள். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன்டா சாப்பிடல, உப்பு கூடிப்போச்சா என்று அவள் கேட்டாள். நல்லாத்தான் இருக்குக்கா என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினான்.

மறுநாள் காலையில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். அவன் உட்காரவில்லை.

"மாமா, நான் யார்கிட்டயும் சொல்லல. அக்காகிட்டகூட சொல்லல. நீங்களே முதலாளிகிட்ட போய்ச் சொல்லிடுங்க. அந்த மலை அண்ணனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள."

"சொல்லலேன்னா?" என்றேன்.

"சொல்லிடுவீங்க மாமா. எனக்குத் தெரியும்."

அவன் மிரட்டியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவன் என்னை மன்னித்துவிட்டு வந்திருந்தான். நம்மிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இருக்கிறவன் நம்மை மன்னிப்பது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இதற்கும் நான் கோபப்படவில்லை. சரிப்பா, நீ சொல்வதுதான் நியாயம், சாயங்காலம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது.

கிடங்கின் கடைசியில் ஒரு ஃப்ரீசர் அறை உண்டு. அதன் கதவுக்கு உட்பக்கம் இருக்கும் கைப்பிடியின் கம்பி உடைந்திருந்தது. உள்ளே யாராவது சிக்கிக்கொண்டால் திறக்க முடியாது என்று மச்சினன் பலமுறை சொல்லியிருந்தான். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது, முதலாளியைப் பார்க்கப் போகும் முன்னால் அதையும் சரி செய்துவிடுவோமே என்றேன். தப்பைத் திருத்துவது என்று ஆரம்பித்தால் முழுவதுமாகத் திருத்த வேண்டும் இல்லையா. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சாப்பாட்டு வேளை. சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் வெளிக் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். சாயங்கால லாரி வரும்வரை அந்த அறைக்கு யாருக்கும் வேலை இல்லை. அந்த அறைக்குள் போகிறவர்கள் போட்டுக்கொள்கிற கனத்த கோட்டை அவன் போட்டிருந்தான். கோட்டோடு குனிந்து வேலை பார்க்க முடியாது, கழற்றிக் கொடு, ஒரு நிமிஷ வேலைதானே என்றேன். கொடுத்தான். அவனுடைய செல்போன் அதன் பையில் இருந்தது. புதுக் கம்பி கருவிப் பையில், கருவிப் பை என் காலடியில். அளவு பார்ப்பதற்காக உள்ளே போனான். "கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க மாமா" என்றான்.

அந்தக் கதவு தானாகவே மூடிக்கொள்கிற வகை என்று நான் சொல்லலாம். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கதவைத் தள்ளி மூடினேன்.

பிறகு காவலாளி அறைக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் காவலாளிக்கு நான் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். நான் ஒரு வாய் குடிப்பதற்குள் பலகையில் விளக்கு எரிந்து மணி அடித்தது. ஃப்ரீசர் அறைக்குள் ஆபத்துக்கு அழுத்துகிற பொத்தான் ஒன்று உண்டு. பல வருடமாகச் செத்துக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்ததுமே மச்சினன் அதைச் சரி செய்து வைத்திருந்தான்.

"சார், ஃப்ரீசர் உள்ள இருந்து மணி வருது" என்றான் காவலாளி.

"அந்த மணியைச் சரி பண்ணினது யாரு?"

"நம்ம புலிதான் சார்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சாப்பிட்டுவிட்டு வந்த இரண்டு பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, புலி வந்துடுச்சா என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அணைத்துவிடு என்றேன். அணைத்தான். மறுபடி அடித்தது. அணைத்தான். முதலில் விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது, பிறகு நேரம் கழித்துக் கழித்து வந்தது. ஒவ்வொரு தடவையும் விதிப்படி அவன் என்னைக் கேட்டான், ஒவ்வொரு தடவையும் விதிப்படி நான் சொன்னேன். எங்கள் கிடங்கில் ஒரு கருவி அவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. தேநீர் ஆறிவிட்டது, இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்புறம் மணி அடிக்கவில்லை.

சாயங்காலம் லாரி வந்தபோது நானும் கூடவே போனேன். கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு கை பொத்தான் இருந்த சுவரில் சாய்ந்திருந்தது. நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

காவலாளிதான் உங்களிடம் சொல்லியிருக்கிறான், இன்ஸ்பெக்டர் சார். மத்தியானம் நான் அவன் அறைக்குள் நுழையும்போது என் கையில் ஒரு கோட்டு இருந்ததாம், புலியுடைய கோட்டு மாதிரி இருந்ததாம். அப்போது ஒன்றும் தோன்றவில்லையாம், ஃப்ரீசர் கதவைத் திறந்து பார்த்தபிறகு தோன்றியதாம். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவன் என்றுதான் அவனை இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போகட்டும், அவன் சொன்னது உண்மை. எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். காந்தம், பனியன், மூடிகள், கதவு எல்லாமே. மலை நிரபராதி, அவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். மச்சினனின் கடைசி விருப்பம் அது. அதை நிறைவேற்றி வைத்த பெருமையாவது எனக்கு இருக்கட்டும்.

என் மனைவி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பியதாக நேற்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் வாயில் என்னென்னவோ வரும். கொஞ்ச நாளில் அவளே வந்துவிடுவாள். அம்மா இல்லை, இப்போது தம்பியும் இல்லை. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?